எலிக்கு அடுத்து மனிதர் இல்லை

எலிகளில், மாற்றிப் பொருத்திய கருவிழியை உடல் ஏற்காமல் தாக்கும் நிராகரிப்பை மரபணு சிகிச்சை தள்ளிப்போட்டதால் அடுத்து மனிதர்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவசரம் வேண்டாம். எலியின் கருவிழி உள்படலச் செல்கள் (கருவிழியில் நீர் தேங்காமல் வெளியேற்றுபவை) பெருகிச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும். நமக்கு அந்த வசதி கிடையாது. நிராகரிப்பு தொடங்கினால் வெள்ளணுக்கள் மெல்லிய கோடாக அந்தப் படலத்தில் நகரும். கோடு கடந்த இடமெல்லாம் செல்கள் செத்து, கருவிழி நீர்கோத்து மங்கிவிடும்.

அதனால்தான் ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் குழு செம்மறி ஆட்டை எடுத்தது. ஆட்டின் உள்படலமும் நம்முடையதைப் போல லேசில் பெருகாது. தானக் கருவிழியைத் தைப்பதற்கு முன்பே, மரபணுவைச் சுமந்து செல்லும் அடினோவைரஸ் வழியாக, நோயெதிர்ப்பைத் தணிக்கும் புரதமான இன்டர்லூகின்-10-இன் மரபணுவை அதற்குள் செலுத்தினார்கள். 2001-இல் வந்த முடிவு: ஒட்டு (பொருத்திய கருவிழி) கூடுதலாகச் சில வாரங்கள் தெளிவாக இருந்தது. அப்புறம் நிராகரிப்பு வரத்தான் செய்தது. ஆனாலும் மருந்து உடம்பு முழுக்கப் போகாமல், ஒட்டுக்குள்ளேயே பாதுகாப்பை வைக்க முடிந்ததே, அதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.