பவுண்டை 115-ஆல் பெருக்குவதை நிறுத்துங்கள்

இங்கிலாந்து போகப் போகிறேன் என்று ஒரு இளம் டாக்டர் சொன்னால், வீட்டில் முதலில் நடப்பது பெருக்கல்தான். 2025-26இல் எஃப்ஒய்-2 (பட்டம் முடித்தபின் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி) நிலைக்கு அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 44,439 பவுண்டு. பவுண்டுக்குச் சுமார் 115 ரூபாய் என்று வைத்தால் 51 லட்சம். அவ்வளவுதான், பெண் பார்க்கும் பேச்சு வரைக்கும் அந்தத் தொகை போய்விடுகிறது. சம்பாதிப்பது பவுண்டில் என்றால் வீட்டு வாடகையும் காய்கறியும் பவுண்டில்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

பே-ஸ்லிப்பைப் பிரித்துப் பாருங்கள். மாத மொத்தம் 3,703 பவுண்டு. என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பென்ஷன் 9.8 சதவீதம், அதாவது 363. வருமான வரி 459. நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் 212. கைக்கு வருவது ஏறக்குறைய 2,670. இரவு டியூட்டி மணிகளுக்கு 37 சதவீதம் கூடுதல், வார இறுதிக்குத் தனிப் படி என்று ரோட்டாவை (டியூட்டி அட்டவணை) பொறுத்து இது ஏறும். பென்ஷன் பிடித்தத்தைப் பார்த்துப் பயந்து அதிலிருந்து விலகுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தில் 54-இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேர்கிறது, முதலாளி தரப்பும் பெரிய தொகை போடுகிறது.

முதல் மாதத்தில் பலருக்கும் அடிவிழும் இடம் டாக்ஸ் கோடு, அதாவது எவ்வளவு வருமானத்துக்கு வரி இல்லை என்று காட்டும் குறியீடு. அது 1257எல் என்று இருக்க வேண்டும். 0டி (0T), பிஆர் (BR) என்று இருந்தால் 12,570 பவுண்டு வரிவிலக்கு உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம், சேரும்போது கொடுக்கும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தைச் சரியாக நிரப்பாமல் விட்டதுதான். அந்த வரியாண்டில் அந்த நாட்டில் இதுவே முதல் வேலை என்றால் அதில் 'ஏ' வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடப் பிடித்த பணம் பிறகு திரும்பி வரும். ஆனால் வாடகை முன்பணம் கட்ட வேண்டிய மாதத்தில் அது கையில் இருக்காது. ஜிஎம்சி (டாக்டர்களைப் பதிவு செய்யும் மருத்துவக் கவுன்சில்) ஆண்டுக் கட்டணத்துக்கு வரிச்சலுகை கேட்கலாம், விட்டுப்போன நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே கேட்கலாம். கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

எம்.டி. முடித்து எட்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ட்ரஸ்ட் கிரேடு எஸ்ஹெச்ஓ (பயிற்சித் திட்டத்தில் சேராத ஜூனியர் டாக்டர்) வேலையில் சேர்ந்தால், சம்பளம் பதவியின் படிநிலைக்குத்தான், உங்கள் அனுபவத்துக்கு அல்ல. எந்தப் படிநிலை என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நான்கு ஆண்டு முதுநிலை அனுபவமும், அதில் இரண்டு ஆண்டு அந்தத் துறையிலும் இருந்தால் ஸ்பெஷாலிட்டி டாக்டர் பதவிக்கே முயலலாம். 2025-26இல் அது ஆண்டுக்கு 61 ஆயிரம் பவுண்டுக்கு மேல் தொடங்கியது.

வாழ்க்கைத்தரம் என்று வந்தால், உண்மையிலேயே நல்லது நிறைய இருக்கிறது. ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு, அதற்கு மேல் பொது விடுமுறைகள், சராசரி வாரம் 48 மணிக்கு மிகாத வேலை. டியூட்டி முடிந்ததும் ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் முறைப்பதில்லை. முப்பத்தாறு மணிநேரம் விழித்தே வேலை பார்த்துப் பழகிய நம் ஊர் பயிற்சி மருத்துவருக்கு இதன் அருமை புரியும்.

குழந்தை பிறந்ததும் கணக்கு மாறும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இங்கிலாந்தில் அரசு தரும் 30 மணிநேர இலவசக் குழந்தைகள் காப்பகம், பெற்றோர் இருவருமே பொது நிதிக்கு (அரசு உதவித்தொகைகளுக்கு) உரிமையில்லாத விசாவில் இருந்தால் கிடைக்காது. மூன்று வயதுக்குப் பிறகு 15 மணிநேரம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. வரி முழுசாகக் கட்டுகிறோம், சலுகை மட்டும் இல்லை. முழுநேர நர்சரிக்கு மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனால் 2,670-இல் என்ன மிஞ்சும்? நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான விண்ணப்பம் 2025 ஏப்ரல் கட்டணப்படி தலைக்கு 3,029 பவுண்டு. நாலு பேர் குடும்பத்துக்கு 12,116.

எனக்கு இதில் மிகவும் வருத்தமான விஷயம் அப்பா அம்மா. 2012 ஜூலையில் விதி மாறியதிலிருந்து பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்வது ஏறத்தாழ நடக்காத காரியம். ஆறு மாத விசிட் விசாதான். அந்த நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தால் செலவில் 150 சதவீதம் பில் வரும், மகன் அதே மருத்துவமனையில் டாக்டராக இருந்தாலும். ஒற்றைப் பிள்ளையாக இருப்பவர்கள் இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்றைக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் வேலை கிடைப்பதே. ஜூனியர் பணியிடத்துக்கு விளம்பரம் வந்த சில மணிநேரத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பம் குவிந்து மூடிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் வந்த என்எச்எஸ் பத்தாண்டுத் திட்டம் பயிற்சி இடங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் ஜிஎம்சி பதிவுக்காக எழுதும் தேர்வு பிளாப். பிளாப்-1 சென்னையிலேயே எழுதலாம். பிளாப்-2க்கு மான்செஸ்டர் போக வேண்டும். கட்டணம் மட்டுமே ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு, டிக்கெட்டும் தங்குமிடமும் தனி. தேறியவுடன் வேலை என்ற காலம் போய்விட்டது. தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஜிஎம்சி பதிவு முடிக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் இங்கே வார்டில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பியுங்கள். கடன் வாங்கிப் போய் அங்கே அறை எடுத்து, சம்பளமில்லாத அப்சர்வர்ஷிப் (கூட நின்று பார்ப்பது மட்டும்) பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். இடைவெளி நீள நீள நேர்முகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.