கோயம்புத்தூர் வீட்டைத் தூக்கிவந்து ஊட்டியில் வைக்காதீங்க சாமி

மறுபடியும் பெயின்டா? மலை வீட்டுச் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை பூத்தால் உடனே டேம்ப்-ப்ரூஃப் (ஓதம் தடுக்கும்) பெயின்ட் ரெண்டு கோட்டிங், அடுத்த மழைக்கு முன்னால் இன்னொரு கோட்டிங். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், எங்கே போனாலும் இதே வைத்தியம்தான். நோய் என்னன்னு யாரும் கேட்பதில்லை.

அந்தக் கறுப்பு எங்கே பூக்கிறதுன்னு ஒரு தடவை நின்னு பாருங்க. தூண் ஏறும் கோட்டில். பீமின் அடியில். ரெண்டு வெளிச்சுவர் சேரும் மூலையில். பீரோவுக்குப் பின்னால். மழைத்தண்ணி ஒழுகினால் இப்படி அளவெடுத்தா ஒழுகும்? கான்கிரீட் செங்கல்லைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வெளியே 5 டிகிரி இருக்கும் ராத்திரியில் முதலில் சில்லிடுவது அந்தத் தூணும் பீமும்தான். அறை 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதில் பட்டாலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணியாகப் படியும். ஜன்னல் கண்ணாடியில் வழிவது கண்ணுக்குத் தெரியுது, சுவரில் படிவது தெரியறதில்லை. பூஞ்சைக்கு அந்தத் தண்ணிகூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே போதும்.

சந்தேகமா இருந்தா, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சுவரைத் துடைச்சுக் காயவிட்டு, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது உங்க வீட்டுக் காற்றின் தண்ணி. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால்தான் வாட்டர்ப்ரூஃபிங்காரருக்கு வேலை. இவ்வளவுதான் சோதனை. இதைக்கூடச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ரசாயனத்தைப் பூசிவிட்டு, 'மலைன்னா அப்படித்தான் சார்' என்று கிளம்பிடறாங்க.

அந்தத் தண்ணி வருவது நம்மகிட்ட இருந்துதான். நாலு பேர் இரவெல்லாம் மூச்சுவிட்டால் ஒரு லிட்டருக்கு மேல். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. மழைக்காலத்தில் ஹாலில் கொடி கட்டிக் காயப்போடும் துணி வேறே. இதெல்லாம் வெளியேற ஒரு வழி வேணுமே? பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் இருந்தது. கணப்பில் தீ இல்லாத நாளிலும் அதன் புகைபோக்கி காற்றை மேலே இழுத்துக்கிட்டே இருந்தது. மரத்தரைக்குக் கீழே காற்று ஓட அடிச்சுவரில் ஓட்டைகள் இருந்தன. வாங்கினவங்க முதல் வேலையாக எலி வருதுன்னு அந்த ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைக்கிறாங்க, புகைபோக்கிக்கு மூடி போடறாங்க. நூறு வருஷம் தாங்கின தரை உளுத்துப்போனதும் 'பழைய மரம், அவ்வளவுதான்'ங்கறாங்க. அடப்பாவமே.

ஜன்னலைத் திறன்னு சொன்னால், 'பனிமூட்டம் உள்ளே வந்தா ஓதம் கூடுமே' என்பாங்க. கணக்குப் போடுங்க. 8 டிகிரியில் முழுக்க நனைந்த மூடுபனிக் காற்றில்கூட கன மீட்டருக்கு 8 கிராம் சொச்சம்தான் நீராவி. அது உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஐம்பது சொச்சத்துக்கு இறங்கிடும். அறை வெளியைவிடக் கதகதப்பாக இருக்கும்வரை அந்தக் காற்று உங்களுக்கு உலர்ந்த காற்றுதான். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராக இருக்கும் அடைமழை நாளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மத்தபடி காலையில் எதிரெதிர் ஜன்னல் பத்து நிமிஷம், குளித்து முடித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் இருபது நிமிஷம். கதவுக்கு அடியில் ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க. உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாத ஃபேன் சும்மா சுத்தும். வெளியே குழாய் போகாத 'டக்ட்லெஸ்' சிம்னி எண்ணெயைப் பிடிக்கும், நீராவியை அப்படியே திருப்பி உங்க முகத்தில் விடும்.

அடுத்து வாஸ்து. தெற்கை அடை, வடக்கைத் திற. டிசம்பர் நடுப்பகலில் நீலகிரியானாலும் பழனி மலையானாலும் சூரியன் தெற்கே 55, 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். உறைபனி மாசத்தில் காசு கேட்காமல் வீட்டைச் சூடாக்க வரும் ஒரே ஆள் அவர். அந்தப் பக்கம் கழிவறை, ஸ்டோர் ரூம். அந்த மாசத்தில் சூரியன் எட்டியே பார்க்காத வடக்கில் ஆளுயரக் கண்ணாடி, அதுவும் ஒற்றைக் கண்ணாடி! அது நல்ல செங்கல் சுவரைவிட ரெண்டரை மடங்கு வெப்பத்தை வெளியே விடும். பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி போட்டால் அதில் பாதி மிச்சம்.

இன்டீரியர்காரங்க கதை தனி. ஓதம் ஏறிய சுவர்மேல் பிவிசி பலகையை அடித்து மறைக்கிறது, வால்பேப்பர் ஒட்டுறது (அந்தப் பசை பூஞ்சைக்கு விருந்து). வார்ட்ரோபை வெளிச்சுவரோடு ஒட்ட வைத்து அடைப்பாங்க. பின்னால் சுவர் இன்னும் குளிரும், உள்ளே பட்டுப்புடவையும் தோல் செருப்பும் பச்சை பூக்கும். வார்ட்ரோபை உள்சுவரில் வைங்க. முடியாவிட்டால் மூணு அங்குல இடைவெளி, மேலும் கீழும் காற்றோட்ட ஓட்டை. பிளைவுட், எம்டிஎஃப் வாங்கும்போது இ-1 அல்லது இ-0 தரமான்னு (ஃபார்மால்டிஹைடு என்ற வாயு குறைவாகக் கசியும் தரம்) கேளுங்க. ஈரம் கூடக்கூட பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கூடுதலாகக் கசியும். மூடிய அறையில் கண் எரிவது புது வீட்டு வாசனையால் இல்லை, அதனால்தான்.

சுவரை உள்பக்கம் போர்த்துவதானால் 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் (வெப்பம் கடத்தாத கெட்டி நுரை) பலகை, பசை முழுப்பரப்பிலும். நாலு மூலையில் நாலு பொட்டு வைத்து ஒட்டினால் பின்னால் காற்று புகுந்து அங்கேயே வேர்க்கும். தட்டையான கான்கிரீட் கூரைக்கு மேலே அதே பலகை 50 மில்லிமீட்டர். மொட்டைமாடிமேல் தகரம் போட்டால் மழை நிற்கும், குளிர் நிற்காது.

கடைசியா, இதைச் சொல்லும்போதே வயிறு எரியுது. எல்லாத்தையும் அடைச்சுவிட்டு, குளிர் தாங்காமல் படுக்கையறையில் கரி அடுப்பை வைக்கிறாங்க. புகை அடங்கின கனல் ஆபத்தில்லையாம். அதுதான் கார்பன் மோனாக்சைடைக் கக்கும்! மணம் கிடையாது, நிறம் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிச்சுக்கும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்தது. பக்கத்தில் தண்ணிப் பாத்திரம் வைத்தால் அந்த வாயு குறையாது, தண்ணி சுடும் அவ்வளவுதான். புகைக்குழாய் இல்லாத எந்தத் தீயும் தூங்கும் அறைக்குள் வரக்கூடாது. ரிசார்ட் நடத்தறவங்க ஒவ்வொரு அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டணும். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில்தான் இருக்கணும். அதுக்குக் கூடுதலா ஆகிறது பத்தடி பைப். அதைக் கேட்டால் 'எலிவேஷன் (வீட்டு முகப்பு) கெட்டுடும் சார்'ங்கறாங்க.