பச்சைப் புள்ளியை நம்பி இருந்த இரவு

நான் பாவிக்கும் வெப்சைட் கண்காணிப்புச் சேவையிலிருந்து போன வாரம் நீளமாக ஒரு மின்னஞ்சல். புது வசதிகளாம். கறுப்புத் திரை, ஏஐ எழுதித் தரும் வாராந்த அறிக்கை, கலர் கலராக வரைபடங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றை வரி: வெப்சைட் பக்கத்தில் நாம் சொல்லும் சொல் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி இனிச் சின்னத் திட்டத்திலும் உண்டு. எனக்கு அந்த வரி மட்டும்தான் செய்தி.

மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கும் காக்கா ஒருவருக்குக் கல்லடியில் இருந்துகொண்டு நான்தான் சைட் பார்க்கிறேன். நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு.

"தம்பி, டோகாவில இருந்து மச்சான் பேசுறார். சாரனப் பார்க்க ஏலுமாம், வாங்க ஏலாதாம். என்னெண்டு பாருங்க."

போனைப் பார்த்தேன். கண்காணிப்பில் எல்லாம் பச்சை. "சைட் நல்லாத்தானே காக்கா இருக்கு" என்று சொல்லியும் விட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். ஓடர் பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளை. சைட்டோடு ஒட்டி ஓடும் துணை மென்பொருளான ப்ளகின் ஒன்றுக்குப் பகல் இரண்டு மணிக்கு நான் போட்ட அப்டேட்டின் வேலை அது. ஏழு மணித்தியாலம், அதுவும் பெருநாள் வியாபார நேரத்தில்.

சேவையைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகப்புப் பக்கத்தைக் கேட்கும். சேர்வர் 200 என்று பதில் சொன்னால் பச்சை, 500 அல்லது 503 என்றால் சிவப்பு. வீதியால் போகிறவர் கடைப் பலகை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது மாதிரி. உள்ளே கல்லாவில் ஆள் இருக்கிறாரா என்பது அவருக்குத் தெரியாது. சைட் 99.9 சதவீத நேரம் திறந்திருந்தது என்றாலே மாதத்துக்கு 43 நிமிடம் படுத்துக் கிடக்கலாம். எங்களுக்கோ அந்த மாத அறிக்கையில் முழுதாக 100 சதவீதம்!

இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. ஓரிடத்திலிருந்து பார்த்துத் திறக்காவிட்டால், வேறு நாட்டிலிருந்தும் ஒருமுறை பார்த்த பிறகுதான் இனி எச்சரிக்கை வரும். முன்பெல்லாம் எங்கோ ஒரு லைன் தடுமாறினாலும் நடுச்சாமத்தில் போன் அலறும். பொய் அலறலைக் கேட்டுக் கேட்டு நான் சத்தத்தையே நிறுத்தி வைத்திருந்த காலமும் இருக்கிறது.

ஆனால் சைட்டோடு பாதுகாப்பாக இணையத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழ் முடியும் தேதியை நினைவூட்டுவதை மேல் திட்டத்துக்குத் தூக்கிவிட்டார்கள். மாதம் ஏழு டொலர், நம் காசுக்கு 2,000 ரூபாய்க்கு மேல். இதுதான் எரிச்சல். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், நினைவூட்டும் மின்னஞ்சலை 2025 ஜூனோடு நிறுத்திவிட்டது. சான்றிதழ்களின் ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளுக்கு வரப்போகிறது. அடிக்கடி தேவைப்படப்போவதை எடுத்துவிட்டு ஏஐ அறிக்கையைத் தந்தால் நான் என்ன செய்ய?

சரி, சொல் பார்க்கும் வசதியை அன்றே போட்டேன். ஓடர் பக்கத்தில் 'வாங்குங்கள்' என்ற சொல் இல்லாவிட்டால் அடி என்று வைத்தேன். நாலாம் நாள் இரவு ஒரு மணிக்கு அடித்தது. பதறி எழுந்து பார்த்தால் பக்கம் நன்றாக இருக்கிறது. காக்காட மகள் பொத்தானில் 'ஓடர் பண்ணுங்க' என்று மாற்றியிருக்கிறாள். கண்காணிப்பிலும் அப்படியே மாற்றிவிட்டு மறுகா படுத்தேன்.