எழுத்தில் கொடுங்கள்

அந்த நொய்டா நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். ஊழியர்களிடம் மன அழுத்தம் உண்டா என்று கேட்டு, மிகவும் உண்டு என்று பதில் சொன்னவர்களையே வேலையை விட்டு அனுப்பியதாகச் சொன்ன மின்னஞ்சல் அது. யாரையும் நீக்கவில்லை, பணியிட அழுத்தத்தின் மீது கவனத்தைத் திருப்பவே திட்டமிட்டுச் செய்தோம் என்று நிறுவனமே பிறகு விளக்கம் கொடுத்ததும், என் நட்புப் பட்டியலில் பாதிப் பேர் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளம்பரம் என்று தெரியும் வரை அதை ஒருவராவது நம்பாமல் இருந்தீர்களா? படித்தவுடன் நம்பினோம். வேலைக்குப் போகிற எவருக்கும் அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மனம் விட்டுப் பேசுங்கள் என்று ஊழியர்களை அழைக்கும் முன், பேசினால் வேலை போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அக்டோபர் 10 உலக மனநல நாள். 2024இல் அதன் கருப்பொருளே பணியிட மனநலம்தான். மனநல விழிப்புணர்வின் அடையாளமான பச்சை ரிப்பனைக் குத்திக்கொண்டு எத்தனை அலுவலகங்களில் படம் எடுத்தார்கள்! அந்தப் படங்களில் ஒன்றிலாவது ஓர் உறுதிமொழிக் கடிதத்தைப் பார்த்தீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லாமல், மின்தூக்கியில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும் நிலையில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதைக் கொடுக்காதே, நம் தெரு டாக்டரிடம் டைபாய்டு என்று எழுதி வாங்கித் தருகிறேன்” என்றார். நான் கேட்கவில்லை. அதே அணியில் மஞ்சள் காமாலையில் படுத்தவருக்கு நாற்பது நாள் விடுப்பு கிடைத்தது, இளநீரோடு வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் வந்தோம். விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது எனக்குக் கிடைத்தது ‘செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்’, அதாவது குறித்த காலத்துக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டு, இல்லாவிட்டால் கிளம்பு என்ற எச்சரிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு அதே மேலாளர்தான் எனக்கு நல்ல மதிப்பீடு எழுதியிருந்தார். இரண்டாவது மாதம் மனிதவளத் துறை அறையில், ஒரு கையால் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திய அம்மையார், மறு கையால் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நகர்த்தினார். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்றிருந்தது. அப்பா சொன்னது சரியாகிப் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சட்டம் இருக்கிறதே என்று உடனே ஒருவர் வருவார். இருக்கிறது ஐயா, யாருக்கு என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மனநோயையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பணிக்காலத்தில் பாதிப்பு வந்தவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவன ஊழியருக்கு மட்டும். மனநலம் பாதித்த மத்திய ரிசர்வ் காவல் படை (சி.ஆர்.பி.எஃப்.) அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இப்படிச் செய்வது மறைமுகப் பாகுபாடு என்றது. படித்துக் கண் கலங்கினேன், ஆனால் நான் சி.ஆர்.பி.எஃப்.பில் இல்லையே. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுச் சட்டமான 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில், நோய்க்கால உதவித்தொகை வாங்கும் நாட்களில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று இருந்தது. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அதற்குள் நுழைய முடியாமல் இருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமோ, தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்கினால் அது முன்னறிவிப்பும் இழப்பீடும் தர வேண்டிய ஆட்குறைப்பே ஆகாது என்று வரையறையிலேயே விலக்கி வைத்தது. இத்தனைக்கும் பிறகு, என்னை யாரும் நீக்கவில்லை என்பதை மறக்காதீர்கள். நானாகத்தான் கையெழுத்திட்டேன், காகிதம் அப்படித்தான் சொல்கிறது.

சிறிய நிறுவனங்கள் எப்படித் தாங்கும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பேர் உள்ள இடத்தில் ஒருவர் இரண்டு மாதம் வராவிட்டால் முதலாளிக்கும் தூக்கம் போகும். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை, அலுவலகத்துக்குள்ளேயே உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன். எல்லோரும் இதைச் சாக்காக வைத்து ஏமாற்றுவார்கள் என்பவர்களுக்கு: டைபாய்டு என்று பொய்ச்சீட்டு வாங்குவதைச் சுலபமாக்கி, உண்மையைச் சொல்வதை ஆபத்தாக்கி வைத்திருப்பது யார்? எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்கிற பெரியவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்கள் காலத்திலும் இருந்தது. எங்கள் சித்தப்பா பதினோரு ஆண்டுகள் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், அவரைச் சோம்பேறி என்று சொல்லிச் சொல்லியே முடித்தீர்கள்.

இப்போது இருக்கும் அலுவலகத்தில் போன வாரம் மனநலக் கருத்தாய்வுப் படிவம் ஒன்று வந்தது. பெயர் விருப்பமிருந்தால் எழுதலாம் என்றிருந்தது. பணியாளர் எண் கட்டாயம் என்று அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது. பன்னிரண்டு கேள்விகளுக்கும் ‘மிக நன்று’ என்று குறித்து அனுப்பிவிட்டேன்.