சலித்தெடுத்த ஆப்பிரிக்கா

எழுபதுகளின் ஆப்பிரிக்க ஃபங்க், சோல் (இரண்டும் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமிருந்து வந்த இசை வகைகள்) ரெக்கார்டுகளைப் பற்றி இங்கே அடிக்கடி எழுதி உங்களைப் படுத்தியிருக்கிறேன். இன்றைக்குப் பாராட்டு இல்லை, ஒரு மனக்குறை. பழைய ரெக்கார்டுகளைத் தேடி மறுபடி வெளியிடும் லேபிள்கள், அதாவது ரெக்கார்டு கம்பெனிகள், நமக்குக் கொடுத்திருப்பது, ஐரோப்பிய டி.ஜே.க்களின் கால்கள் ஒப்புக்கொண்ட ஆப்பிரிக்காவை மட்டும்தான்.

இப்படிச் சொல்வது நன்றிகெட்டதனமாகத் தோன்றலாம். 2002இல் மைல்ஸ் கிளெரெட் கானாவில் தேடி எடுத்த பாட்டுகளோடு சவுண்ட்வே லேபிளைத் தொடங்கினார். 2006இல் சாமி பென் ரெஜெப், விமானப் பணியாளராகப் பறந்த காலத்தில் பிடித்த பைத்தியத்தை பிராங்க்ஃபர்ட்டில் அனலாக் ஆப்பிரிக்கா என்ற லேபிளாக மாற்றினார். இவர்கள் இல்லையென்றால் கொட்டனூ என்று ஒரு ஊர் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அந்த நன்றி இருக்கிறது. குறையும் இருக்கிறது.

கொட்டனூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருக்கிறது, அந்த நாட்டுக்கு அப்போது தஹோமே என்று பெயர். 1968இல் மெலோமே கிளெமென்ட் என்பவர் அங்கே தொடங்கிய இசைக்குழுதான் ஆர்கெஸ்ட்ர பாலி-ரித்மோ. அல்பாரிகா ஸ்டோர் என்ற லேபிளோடு ஒப்பந்தம். அந்த லேபிளுக்குத்தான் பாட வேண்டும் என்று இருந்தாலும், கையில் காசோடு வந்த சின்னச் சின்ன லேபிள்களுக்கும் பாடிக் கொடுத்தார்கள். நல்ல ஸ்டூடியோ வேண்டுமென்றால் எல்லை தாண்டி நைஜீரியாவின் லாகோஸுக்குப் போக வேண்டும், அங்கே பிரிட்டிஷ் ரெக்கார்டு கம்பெனி ஈ.எம்.ஐ.யின் ஸ்டூடியோ இருந்தது. இப்படியெல்லாம் பதிவு செய்தே ஐந்நூறு பாட்டுகளைத் தாண்டிவிட்டார்கள்.

அந்த ஐந்நூறில் என்னதான் இல்லை? கானா பக்கத்து நடன இசையான ஹைலைஃப் இருக்கிறது. கியூபாவிலிருந்து ரெக்கார்டுகளில் ஏறி ஆப்பிரிக்காவுக்கே திரும்பி வந்த பச்சாங்கா, ரும்பா இருக்கின்றன. காங்கோ பாணி கிட்டார் இருக்கிறது. இழைத்து இழைத்துப் பாடும் மெதுவான பாட்டுகளும் இருக்கின்றன. ஃபோன், மினா, யொரூபா, பிரெஞ்சு என்று மொழி மாறிக்கொண்டே இருக்கும். அப்புறம் அந்த ஊர்ப் பாரம்பரிய மதமான வோடுனின் வழிபாட்டுத் தாளங்கள். அதில் சாட்டோ என்பது இறந்தவர்களை நினைத்து நடத்தும் சடங்கில் வரும் தாளம். சக்பாட்டா என்பது அம்மை நோய்க்கான தெய்வத்தின் தாளம்.

இதை முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மையைத் தருவதும் அதுவே, காப்பதும் அதுவே என்று கும்பிடப்படும் தெய்வம். நம் மாரியம்மனுக்கு அங்கே ஒரு உறவுக்காரர் இருக்கிறார், அவருக்கான தாளத்தில் ஒரு எலெக்ட்ரிக் குழு ஆர்கனும் வா-வா கிட்டாரும் வைத்து வாசித்திருக்கிறது. பாஸ் கிட்டார் அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரௌன் பக்கம் இழுக்கும், டிரம்ஸ் கோயில் பக்கம் இழுக்கும். ஹெட்போனில் கேளுங்கள், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் வெளியாட்களான நம்மிடம் பாலி-ரித்மோ முதலில் வந்து சேர்ந்தது ஃபங்க் குழுவாகத்தான். பளபளப்பான தொகுப்புகளில் முன்னால் நிற்பது வேகமான, அழுக்கான, கிட்டார் கத்தும் பாட்டுகள். கொட்டனூவின் நடன அரங்கில் இந்தக் குழு ராத்திரி முழுக்க வாசித்தபோது, ஆடியவர்கள் ஃபங்க்கை மட்டுமா கேட்டிருப்பார்கள்? கல்யாண ஜோடிக்கு ஒன்று, வயசானவர்களுக்கு ஒன்று, இளவட்டங்களுக்கு ஒன்று என்று எல்லாம் தெரிந்தால்தான் ஒரு ஊரின் நம்பர் ஒன் குழுவாகப் பல வருஷம் தாக்குப்பிடிக்க முடியும். நமக்கு வந்திருப்பது அந்த ராத்திரியின் ஒரு மணி நேரம்.

ஃபங்க் என்பது வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்கா மேல் ஒட்டிய பெயர் என்றும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். அறுபதுகளிலேயே சியரா லியோனின் ஜெரால்டோ பினோ சோல் இசையை மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டுபோனார். அதைக் கேட்டு நைஜீரியாவின் பெரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியே ஆடிப்போனார். 1970இல் ஜேம்ஸ் பிரௌன் நைஜீரியாவுக்கு வந்தார். 1971 மார்ச்சில் கானாவின் அக்ராவில் அமெரிக்க சோல் பாடகர்கள் வில்சன் பிக்கெட்டும் டீனா டர்னரும் ராத்திரி முழுக்கப் பாடினார்கள். 1974இல் காங்கோவின் கின்ஷாசாவில் நடந்த இசைவிழா இன்னும் பெரிய கூத்து. அங்கே ஃபங்க் உண்மையான மோகம். ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறு மோகங்களும் இருந்தன. சலித்தெடுத்தபோது அவை கீழே விழுந்துவிட்டன.

சல்லடை எப்படி வேலை செய்கிறது என்பதும் எளிமையானதுதான். தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் டி.ஜே.க்கள், ரெக்கார்டு சேகரிப்பாளர்கள். அவர்கள் காது தேடுவது நடுவில் எல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்த நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று. அதை வெட்டி இன்னொரு பாட்டில் ஒட்டலாம். கானாவின் ஈபோ டெய்லர் பாட்டு 2010இல் அமெரிக்கப் பாடகர் அஷரின் பாட்டுக்குள் போனது. 2024இல் அமெரிக்க ராப் பாடகர் டைலர் தி கிரியேட்டர் தன் பாட்டொன்றில் ஜாம்பியாவின் ங்கோஸி ஃபேமிலி 1977இல் பாடியதை எடுத்துப் போட்டார். அந்தக் குழுவின் பால் ங்கோஸி 1989இலேயே இறந்துவிட்டார். பணம் அந்தப் பக்கம் ஓடுகிறபோது, ஒருவர் பெம்பா மொழியில் மாமியார் கொடுமையைப் பற்றி எட்டு நிமிஷம் நிதானமாகப் பாடிய ரெக்கார்டை யார் தூசு தட்டுவார்கள்?

மொழிதான் பெரிய தடை. எத்தியோப்பியாவையே பாருங்கள். வெளியுலகம் கொண்டாடுவது ஜாஸ் கலைஞர் முலாத்து அஸ்தாத்கேவை. பிரான்சின் ஃபிரான்சிஸ் ஃபால்செத்தோ தொடங்கிய எத்தியோபீக்ஸ் வரிசையின் நான்காவது தொகுப்பு 1998இல் அவருடையது. 2005இல் அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ் படத்தில் அந்த இசை வந்ததும் உலகம் முழுக்கக் காபிக் கடைகளில் ஒலித்தது. அருமையான இசை, மறுக்கவே இல்லை. அதில் பெரும்பாலும் வார்த்தை கிடையாது என்பதும் உதவியது. ஆனால் எத்தியோப்பியர்களிடம் அந்தக் காலத்தின் குரல் யார் என்று கேட்டால் திலாஹுன் கெசெஸே என்பார்கள். 2009இல் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதே வரிசையில் அவருக்கும் ஒரு தொகுப்பு உண்டு. எத்தனை பேர் கேட்டார்கள்? அம்ஹாரிக் புரியாதவர்களுக்கு அவர் அழுகை எட்டவில்லை, அவ்வளவுதான்.

(எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ரெக்கார்டு போடும் உரிமையை அரசு நிறுவனம் தன்னிடமே வைத்திருந்தது. 1969இல் அம்ஹா எஷெட்டே என்ற இளைஞர் அதை மீறித் தனி லேபிள் தொடங்கினார். அவருடைய முதல் தட்டுகள் அச்சானது இந்தியாவில்! 1974இல் பேரரசர் கவிழ்ந்து ராணுவ ஆட்சி வந்தது. ஊரடங்கு வந்தது. ராத்திரி கிளப் இல்லாத ஊரில் இசைக்குழுவுக்கு என்ன வேலை?)

நமக்கே இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிள் இளையராஜா பாட்டுகளில் தொகுப்பு போட்டது. எதை எடுத்தார்கள்? 1977 முதல் 1983 வரை வந்ததில் சின்தசைசரும் டிஸ்கோவும் துள்ளும் பாட்டுகளை. நான் விரும்பிக் கேட்டேன். ஆனால் அதை மட்டும் கேட்ட ஒரு மான்செஸ்டர்காரர் ராஜாவைப் பற்றி என்ன நினைப்பார் என்றும் யோசித்தேன். பண்ணைப்புரத்து நாட்டுப்புறம், கோரஸ் பெண்களின் குலவை, ஜானகி அம்மாவின் குரலில் வரும் தாலாட்டு இதெல்லாம் போய், வேடிக்கையான எலெக்ட்ரானிக் இசை போடும் ஒரு கிழக்கத்தியக்காரர் மட்டும் மிஞ்சுவார். நாம் சிரித்துக்கொள்கிறோம், ஏனென்றால் மீதி நமக்குத் தெரியும். பெனின் விஷயத்தில் அந்த மான்செஸ்டர்காரர் நாம்.

சல்லடையோடு கதையும் விற்கிறார்கள். கேப் வெர்டே தீவுகள் பற்றிய 2016ஆம் வருஷத் தொகுப்பு ஒன்று. அறுபதுகளில் சின்தசைசர்கள் நிறைந்த கப்பல் ஒன்று காணாமல் போய், ஆள் இல்லாமல் தீவில் ஒதுங்கியதாம். அந்தக் கருவிகளைப் பள்ளிக்கூடங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்களாம். அதிலிருந்துதான் இந்த இசை பிறந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு சொல்லும் நம்பிக்கை இல்லை. ஒரு தீவுக்காரர் வேலைக்கு ஐரோப்பா போய், சம்பாதித்துக் கீபோர்டு வாங்கி வந்தார் என்று சொன்னால் ரெக்கார்டு விற்காதா?

ஜாம்பியா விஷயத்தில் என் குறை கொஞ்சம் இறங்கிப்போகும். அந்த ஊர் ராக் இசையை ஜாம்ராக் என்று சொல்கிறார்கள். செப்புச் சுரங்க நகரங்களில் பையன்கள் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை மாட்டிக்கொண்டு ராக், ஃபங்க் இரண்டையும் கலந்து அடித்தார்கள். வானொலியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உள்நாட்டு இசைதான் வர வேண்டும் என்று அதிபர் கவுண்டா உத்தரவு போட்டிருந்தார். அதனால் இவர்களுக்கு வாய்ப்பு குவிந்தது. பிறகு செப்பு விலை விழுந்தது. வேலை போனது, பணம் போனது, எண்பதுகளில் எய்ட்ஸ் வந்தது. ஜாம்ராக்கின் பெயர்பெற்ற குழுவான விட்ச்சின் பழைய ஆட்களில் பெரும்பாலோரை அது கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பாடகர் இமானுவேல் சாண்டா. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் பெயரை ஆப்பிரிக்கப்படுத்தி ‘ஜகாரி’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர். அவர் ரத்தினக்கல் தோண்டப் போனார். அமெரிக்காவின் நவ்-அகெய்ன் லேபிள் நடத்தும் ஈகன் அலபாட் அவரோடு சேர்ந்து விட்ச் குழுவின் பழைய தட்டுகளை முழுசாக வெளியிட்டார். பெயரைப் பார்த்து யோசிக்கிறீர்களா? ஆமாம், இந்திய வேர் உள்ளவர்தான். முழுசாக என்பதுதான் எனக்கு முக்கியம். நல்ல பாட்டு, சுமார் பாட்டு, அறுவை எல்லாம் உள்ளே இருக்கும். அதன் பலனாக ஜகாரி மறுபடி மேடை ஏறினார். 2023இல் புது ஆல்பமே வந்தது.

எல்லோரும் இப்படி மறுபடி மேடையேற ஆசைப்படுவதும் இல்லை. நைஜீரியாவின் எனுகுவில் வில்லியம் ஓனியாபோர் சொந்தமாகப் பதிவு செய்து, சொந்தமாக அச்சடித்து 1977 முதல் 1985 வரை எட்டு ஆல்பம் போட்டார். பிறகு தீவிரக் கிறிஸ்தவராக மாறி, அந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். 2013இல் அமெரிக்காவின் லுவாகா பாப் லேபிள் அவர் யார் என்று கேட்டுத் தொகுப்புக்கே அதைத் தலைப்பாக வைத்தது. உலகமே ஆடியது. மனிதர் 2017இல் இறக்கும் வரை பெரிதாக வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

சோமாலியாவில் காப்பாற்றும் வேலையை ஊர்க்காரர்களே செய்துவிட்டார்கள். 1988இல் அதிபர் சியாத் பாரேயின் விமானங்கள் வடக்கே ஹர்கெய்சா நகரத்தின் மேல் குண்டு போட்டன. அந்தச் சமயத்தில் வானொலி நிலையத்தின் டேப்புகளையும் கேசட்டுகளையும் மண்ணில் புதைத்துவைத்தார்கள், சிலவற்றை எல்லை தாண்டிக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு ஹர்கெய்சாவில் ரெட்சீ கலாச்சார மையத்தில் பத்தாயிரத்துக்கு மேல் கேசட்டுகள் இருக்கின்றன. இந்திய வம்சாவளியினரான விக் சோஹோனியின் ஒஸ்டினாட்டோ லேபிள் அந்தக் காப்பகத்தின் உதவியோடு 2017இல் ஒரு தொகுப்பு போட்டு கிராமி பரிந்துரை வரை போனது. அதைக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் பழைய ஹிந்திப் பாட்டு வாசனை அடிக்கும். மொகதிஷு தியேட்டர்களில் ஹிந்திப் படம் ஓடிய காலம் அது. நல்ல தொகுப்பு. ஆனால் பத்தாயிரம் கேசட்டுக்கு முன்னால் ஒரு தொகுப்பு எம்மாத்திரம்?

எனக்குத் தெரிந்து சல்லடை இல்லாமல் நடந்த பெரிய வேலை கினியாவில். செகு தூரே ஆட்சியில் அரசே சிலிஃபோன் என்று ரெக்கார்டு லேபிள் நடத்தியது. அரசு சம்பளத்தில் மாநிலத்துக்கு மாநிலம் இசைக்குழு. 1985 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் வானொலிக் கட்டடம் குண்டுக்கு இரையானது, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிரேம் கவுன்சல் தலைநகர் கொனாக்ரியில் உட்கார்ந்து, மிஞ்சியிருந்த ரீல்களை ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றினார். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலைக் காப்பகத் திட்டம் பணம் கொடுத்தது. 9,410 பாட்டுகள். அவற்றில் கட்சிப் புகழ்ச்சி இருக்கிறது, கோரா என்ற நரம்புக் கருவியின் வாசிப்பு இருக்கிறது, வட்டாரக் குழுக்கள் இருக்கின்றன, தலைவரைப் போற்றித் தூங்கவைக்கும் கீதங்கள் இருக்கின்றன. டி.ஜே. யாரும் தொட மாட்டார். கொட்டனூவுக்கும் ஜாம்பியாவின் லுசாகாவுக்கும் இப்படி ஒரு வேலைக்கு யாராவது பணம் திரட்டினால் என் பங்கை முதலில் அனுப்புகிறேன். புதுத் தொகுப்பு வாங்குவதை அதற்காக நிறுத்தப்போவதில்லை, அது வேறு கணக்கு.