சுவருக்குள் போகும் மரி

பிரெஞ்சு ஓவியர் எட்வார் வுய்யார் என்றாலே 'வீட்டின் இதம்', 'இல்லத்து அமைதி' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். 1893இல் அவர் தீட்டிய, தன் அம்மாவும் அக்காவும் இருக்கும் படத்துக்கும் அதே சொற்களைப் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் இரண்டடி அகலம்கூடக் கிடையாது. ஆனால் அதற்குள் எவ்வளவு இறுக்கம்!

அம்மா கறுப்பு உடையில், கால்களை அகட்டி, கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். அந்த அறையில் அசையாத ஒன்று அவர்தான். அக்கா மரியைப் பாருங்கள். கட்டம்போட்ட உடையோடு சுவரில் ஒட்டி நிற்கிறாள். சுவரெங்கும் புள்ளி புள்ளியாக வால்பேப்பர். உடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது. நிமிர்ந்தால் படத்தின் மேல்விளிம்பு தலையில் இடிக்கும் என்பதுபோல் குனிந்திருக்கிறாள். தரையோ நம்மை நோக்கிச் சரிகிறது.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. புள்ளிகளும் கட்டங்களும்தான் இங்கே கதையே சொல்கின்றன. முகபாவம் செய்ய வேண்டியதைத் துணியும் சுவரும் செய்கின்றன. அதே 1893இல் பாரிஸில் லுவ்ரே (L'Œuvre) என்ற நாடகக் குழு உருவானபோது வுய்யாரும் உடனிருந்தார்; நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்துக்கு அரங்கத் திரை தீட்டினார். மூடிய அறைக்குள் மனிதர்கள் மூச்சுமுட்டுவதை மேடையில் பார்த்த கண்தான் வீட்டையும் பார்த்திருக்கிறது.

அதற்காக அம்மாவைக் கொடுமைக்காரியாக்கவும் எனக்கு மனமில்லை. கணவர் இறந்தபின் வீட்டிலேயே கார்செட் (பெண்கள் இடுப்பை இறுக்கி அணியும் உள்ளாடை) தைத்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். மரியும் அந்தத் தையல் வேலையில் இருந்தாள். துணியும் நூலும் புழங்கிய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு உலகமே துணியாகத் தெரிந்ததில் என்ன வியப்பு? 1928இல் அம்மா இறக்கும்வரை வுய்யார் அவரோடுதான் வாழ்ந்தார். அந்த அன்பு எனக்குத் தெரிகிறது. அன்புள்ள வீட்டிலும் ஒருத்திக்கு நிற்க இடமில்லாமல் போகும் என்பதை ஒளிக்காமல் தீட்டியதால்தான் அவரைப் பெரிய ஓவியர் என்கிறேன்.

படம் தீட்டிய அதே 1893இல் மரிக்குக் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை, அவள் தம்பி வுய்யாரின் நண்பரான ஓவியர் ருசெல். அந்த வாழ்க்கையும் அவளுக்குச் சுகப்படவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு இன்னொரு முறை படத்தைப் பாருங்கள், அப்புறமும் அமைதி என்றுதான் தோன்றுகிறதா, சொல்லுங்கள்.