குடிக்காமல் திரும்பிய தண்ணீர்

காலை ஆறரை மணிக்குக் கார் வாசலில் நிற்கிறது. அம்மா மூன்றாவது முறையாகப் பின்கட்டுக்குப் போகிறார். ‘இன்னும் ஒருதரம் போய்விட்டு வந்துவிடுகிறேன். வழியில் உங்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது’ என்கிறார். ஆற்றி வைத்த காப்பி அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர், நேரத்துக்குக் குடிக்க வேண்டும், நேரத்துக்குப் போகவும் வேண்டும். மண்பானையிலிருந்து ஏழு பாட்டில்களில் நான்தான் தண்ணீர் பிடித்து வைத்தேன். இரவு வீடு திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ஆண்களின் மூன்று பாட்டிலும் காலி. எங்கள் நான்கு பேர் பாட்டிலில் மூன்று, கழுத்து வரை ஊற்றியது ஊற்றியபடியே இருந்தன. அன்று முழுக்க வெயில்.

கோயம்புத்தூரிலிருந்து அக்கா குடும்பம் மதுரைக்கு வந்திருந்தது. மீனாட்சியம்மன் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல அவர்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊர்கள் திரண்டதையும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதையும் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அக்காவுக்கு அரிட்டாபட்டியைப் பார்த்தே ஆகவேண்டும். பதின்மூன்று வயது மகளுக்குக் கீழடி. அத்தானுக்குச் சமணர் மலை. எல்லாவற்றையும் ஒரு வட்டமாகப் போட்டோம்: காலையில் சமணர் மலை இருக்கிற கீழக்குயில்குடி, அங்கிருந்து அரிட்டாபட்டி, பிற்பகலில் கீழடி. கோயில் நடை மதியம் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் கடைசியில் கோயில். நல்ல திட்டம்தான். ஒரு பெண்ணின் வயிறு எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற ஒரு கணக்கை மட்டும் யாரும் போடவில்லை.

சமணர் மலையடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். மேலே பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. பையன்கூட மலைத்துப்போய் நின்றான். அக்கா மகள் மட்டும் என் கையைப் பிடித்து இழுத்து, ‘சித்தி, பாத்ரூம் எங்கே?’ என்று கேட்டாள். அவளுக்கு அன்று இரண்டாம் நாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘எழுதுங்கள் சித்தி’ என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை இடம் இடமாகச் சொல்லப்போவதில்லை. ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் மற்ற இடங்கள் தப்பித்துவிடும். ஓரிடத்தில் ‘பெண்கள்’ என்று எழுதி, பொட்டு வைத்த முகமும் வரைந்து, அழகாக ஒரு கட்டடம் நின்றது. கதவில் துருப்பிடித்த பூட்டு. படியில் காய்ந்த சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. பூட்டைத் திறந்து எத்தனை மாதமாயிற்றோ! அடுத்து ஒரு பெட்ரோல் பங்க். காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது பங்குகளுக்கு உள்ள விதி. இரண்டாயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டுவிட்டுக் கேட்டோம். ‘சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார்.’ ஒரு மனிதர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான்கு பெண்கள் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்! சாலையோர டீக்கடையில் ‘அப்படியே பின்னால் போங்கள்’ என்றார்கள். பின்னால் சீமைக் கருவேலம், உடைந்த மதுப் பாட்டில்கள், அவற்றுக்கு நடுவே சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேர்.

என் கணவர் வண்டியை ஓரம்கட்டினார். அவரும் அத்தானும் பையனும் இறங்கி ஒரு புளியமரத்துப் பக்கம் போய்விட்டு இரண்டு நிமிடத்தில் வந்து ஏறிக்கொண்டார்கள். ‘போகலாமா?’ என்று கேட்டார். அவர் நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ‘போகலாமா’ என் காதில் இன்னும் எரிகிறது. அவர்களுக்கு இந்த மாவட்டத்தில் உள்ள மரமெல்லாம் மறைவு. எங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

அரிட்டாபட்டியில் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். பாண்டியர் குடைந்த சிவன் கோயில், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கிற மலையில். சிவன் என்றால் உருகுகிற அம்மா, ‘நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு முழங்கால் வலி’ என்று கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால் வலி இல்லை. எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

கீழடி அருங்காட்சியகத்தில்தான் நிம்மதி கிடைத்தது. தண்ணீர் வந்தது, கதவு சாத்தியது. அதன் பிறகு பார்க்கவேண்டுமே என் அம்மாவை! மண் தக்களிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கால்மணி நேரம் நின்று, தன் பாட்டி நூல் நூற்ற கதையைப் பேத்திக்குச் சொன்னார். அந்தப் பெண் யானைத் தந்தத்தில் செய்த சீப்பைப் பார்த்தாள், பானை ஓட்டில் கீறியிருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். காலையிலிருந்து அவள் எதையுமே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் கோயில் பக்கம் வந்தோம். ஒரு கட்டணக் கழிப்பறை. ஆண்களுக்கு ஐந்து ரூபாய், பெண்களுக்குப் பத்து. ஏன் என்று கேட்டேன். ‘லேடீஸ் என்றால் அப்படித்தான்’ என்றார் மேசையில் இருந்தவர். சரி, இரட்டிப்புக் காசுக்கு உள்ளே என்ன இருந்தது? கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அக்கா உள்ளே போக, வெளியிலிருந்து கதவை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தோள்பையை மாட்ட ஓர் ஆணி இல்லை. ஈரத் தரையில் வைக்க முடியாமல் பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் சேலையைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள் அக்கா. வாளி இருந்தது, குவளை இல்லை. குப்பைக் கூடையும் இல்லை. அந்தப் பிள்ளை நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றித் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதோடு கோயிலுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கழுவிக்கொண்டிருந்த அம்மாளைக் குறை சொல்லமாட்டேன். ஒரு விளக்குமாறு, ஒரு வாளி, கையுறை கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் அவர் ஒருவர்தான்.

‘மக்கள் ஒழுங்காக வைத்துக்கொள்வதில்லை, அதனால்தான் பூட்டுகிறோம்’ என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கழுவ ஆள் போடுங்கள், அந்த ஆளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். செல்ஃபி எடுக்க மேடை கட்டவும் அதற்கு வண்ண விளக்குப் போடவும் பணம் இருக்கிறது. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை? 2025இல் வந்த தூய்மைக் கணக்கெடுப்பில் 40 பெரிய நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம் என்றதும் ஊரே குப்பையைப் பற்றிப் பேசியது. தெருவில் கிடக்கிற குப்பை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அடக்கிக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிற கிழவி யார் கண்ணிலும் படுவதில்லை.

அன்றிரவே அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாகப் போய், எரிச்சல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் அழகர்கோயிலும் பழமுதிர்சோலையும் போவதாக இருந்தோம். அம்மா வரவில்லை, அந்தப் பிள்ளையும் வரவில்லை. காரை டாக்டர் வீட்டுக்கு ஓட்டினோம்.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, ‘நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் பாட்டி. நேற்று முழுக்க ஏன் குடிக்கவில்லை?’ என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, ‘வெளியே போயிருந்தோம்’ என்றார். டாக்டரும் ஒரு பெண். அதற்கு மேல் கேட்கவில்லை.